மாவு மில் இருக்கிற தெரு

இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்பாகவே சம்பூர்ணம் இறங்கிவிடுவார். நடத்துநர் "இன்னும் வரலைம்மா" என்று சொன்னாலும் கேட்கமாட்டார். தோளில் துணிப்பை, கையில் தண்ணீர் பாட்டில், காலில் ரப்பர் செருப்பு. பிரதான சாலையை விட்டு முதல் குறுக்குத் தெருவில் நுழைவார். கண் கடைகளைப் பார்க்காது. மொட்டை மாடிகளைப் பார்க்கும். கொடியில் புடவையும் பள்ளிக்கூடச் சீருடையும் குழந்தைச் சட்டையும் கலந்து காய்ந்தால் ஒரு தடவை தலையை ஆட்டிக்கொண்டு மேலே நடப்பார். வெறும் பனியனும் லுங்கியுமாகத் தொங்கினால் வந்த வழியே திரும்பிவிடுவார்.

"பொம்பளத் துணி மாடியில பயமில்லாம காயுதுன்னா அந்தத் தெருவுல பொம்பள பயமில்லாம நடக்குறான்னு அர்த்தம்" என்பார். "இத்த எந்த ஆபீசரும் எனக்குச் சொல்லித் தர்ல. நானா கண்டுகினது."

சவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது அவர் வீடு. வயது நாற்பத்தைந்து. சரிவில் சாமை போடுகிறார்கள். வீட்டுக்குப் பின்னால் ஐந்து புளிய மரங்கள். ஊர் மகளிர் குழுவில் பதினொரு பெண்கள். சாமையை உமி நீக்கி, பொட்டலம் கட்டி, நகரத்துக் கண்காட்சிகளில் விற்கிறார்கள். குழுவுக்குத் தலைவி வேறொருவர், செயலாளர் வேறொருவர். சம்பூர்ணத்துக்கு எந்தப் பதவியும் இல்லை. ஆனால் மலையிலிருந்து யாராவது "கீழே" போய் ராத்தங்க வேண்டும் என்றால், பயணச்சீட்டுக்கு முன்னால் அவருடைய யோசனையைத்தான் வாங்குகிறார்கள். மாமனாருக்குக் கண் அறுவை சிகிச்சை, மகளுக்குக் காவலர் தேர்வு, வாய்தாவுக்கு நீதிமன்றம். எதற்குப் போனாலும் ஒரே கேள்விதான்: "எந்த ஏரியாவுல தங்கறது?"

அவர் பதில் சட்டென்று வரும். வேலூர் என்றால் ஆஸ்பத்திரி வாசலிலேயே தங்காதே, நான்கு தெரு தள்ளிப் போ என்பார். "வாசல்ல தங்கினா நோயாளிக்கு நோவுதான் தெரியும். கொஞ்சம் தள்ளினா ஒரு காக்கா கத்தறதாவது கேக்கும்." திருப்பத்தூர் என்றால், அங்கே எதற்கு ராத்தங்கல், கடைசி பேருந்தைப் பிடித்து வீட்டுக்கு வா என்று அதட்டுவார். காஞ்சிபுரத்தில் இன்ன தெரு, சேலத்தில் இன்ன பேட்டை என்று கைபேசியில் குரல் பதிவாக அனுப்புவார். வரைபடம் பார்க்கத் தெரியாது. "பால் பூத்தைத் தாண்டி, நாய் படுத்துகினு இருக்கும், அதுக்குச் சோத்தாங்கைப் பக்கம்" என்றுதான் வழி சொல்வார். நாய் அங்கே இல்லாதபோதும் யாரும் இதுவரை வழி தவறியதில்லை.

ஒரு பேட்டையைத் தேர்ந்தெடுக்க அவருக்கென்று சில பரீட்சைகள் உண்டு. முதல் பரீட்சை மாவு மில். "மில்லு ஓடுதுன்னா சுத்துப்பட்டுல குடித்தனம் இருக்குது. குடித்தனம் இருந்தா கொழா இருக்குது, மருந்துக்கட இருக்குது, கூப்ட்டா ஒரு கதவு தொறக்கும்." காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு தடவை அந்தத் தெருவில் நடப்பார். தெருப் பெண்கள் மூன்று பேருடன் பேசாமல் எந்த விடுதி மேலாளரிடமும் வாய் திறக்கமாட்டார். அந்த மூன்று பேரிடமும் விடுதியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். குழம்பு என்ன என்றுதான் கேட்பார். விளக்கு மினுக்கும் பெயர்ப் பலகைகள் மட்டும் அவருக்கு ஆகாது. பலகை பெரிதாக இருந்தால் அறை சின்னதாக இருக்கும் என்பது அவர் முடிவு.

இதெல்லாம் பொழுதுபோகாமல் படித்த வித்தை இல்லை.

ஏழு வருடத்துக்கு முன்பு குழு முதன்முதலாகச் சென்னைக்குப் போனது. ஏழு பெண்கள், ஒன்பது மூட்டை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியை யாரோ பேசி வைத்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த ஆள் மூட்டைகளைப் பார்த்தான், பிறகு இவர்களைப் பார்த்தான். "ஓனர் வரட்டும், வெளியே உட்காருங்க" என்றான். மத்தியானத்திலிருந்து பொழுது சாயும் வரை நடைபாதையில் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியோடு பின்னால் வந்தவர்கள் சாவி வாங்கிக்கொண்டு மாடியேறிப் போனார்கள். கடைசியில் கிடைத்த அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்கள்.

மலைக்குத் திரும்பும் வழியில் ஏழு பேரும் ஒன்று பேசி வைத்துக்கொண்டார்கள்: வீட்டில் கேட்டால் "நல்லா இருந்திச்சி" என்று சொல்வது. உண்மையைச் சொன்னால் அடுத்த முறை எந்த ஆம்பிளையும் அனுப்பமாட்டான். அப்படியே சொன்னார்கள். சம்பூர்ணமும் தன் கணவர் ரங்கனிடம் அப்படியே சொன்னார்.

"ரோட்டுல ஒக்கார வெச்சது எனக்கு அவமானமில்ல" என்று இன்றைக்கும் சொல்கிறார். "எம்வூட்டுல வந்து பொய் சொன்னேன் பாரு, அதான் அவமானம்."

அதற்கப்புறம் நான்கு வருடம் கழித்து நுங்கம்பாக்கத்தில் ஐந்து நாள் உணவுக் கண்காட்சிக்கு அழைப்பு வந்தது. ஆடி மாதம். இந்த முறை சாமைப் பொங்கல், கொழுக்கட்டை என்று சுடச்சுடச் செய்தும் விற்க வேண்டும். பதினொரு பேரும் கிளம்புவதாக இருந்தது. எட்டு மாதக் கைக்குழந்தையோடு நிவேதாவும் அதில் ஒருத்தி. ஏற்பாடு செய்த அதிகாரி தொலைபேசியில், தாம்பரத்துக்கு அப்பால் ஒரு விடுதி போட்டிருப்பதாகவும் வேன் வரும் என்றும் சொன்னார்.

"வேன் எத்தினி மணிக்கு சார் வரும்?"

"எட்டரைக்கும்மா."

"நாங்க அஞ்சு மணிக்கு அடுப்பு பத்த வெக்கணுமே சார். எங்க பத்த வெக்கறது?"

"அதெல்லாம் விடுதியில முடியாதும்மா. இது பிடிக்கலைன்னா நீங்களே இடம் பார்த்துக்கங்க. ஆனா ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நாங்க பொறுப்பில்லை."

"சரி சார்" என்றார் சம்பூர்ணம். "நான் பொறுப்பு."

சொல்லிவிட்டுக் கைபேசியைக் கீழே வைத்தார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ரங்கன் நெற்றியைச் சுருக்கினார். "பதினொரு பொம்பளங்களுக்கு நீ பொறுப்பா? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா மலையில தல காட்ட முடியாதும்மே."

"தல காட்டத்தான்யா போறேன்."

கண்காட்சிக்குப் பத்து நாள் முன்னதாக, குழுவில் மூத்தவரான மாணிக்கம்மாளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு சம்பூர்ணம் சென்னைக்குப் போனார். தங்கப் போகவில்லை, தங்குவதற்கு இடம் பார்க்க. விடியலில் கோயம்பேட்டில் இறங்கி, முதலில் எழும்பூர். தெருத்தெருவாகப் பெயர்ப் பலகைகள், எல்லார் கையிலும் பெட்டி. "இங்க யாரும் குடியிருக்கல அக்கா, எல்லாரும் கெளம்பிகினு இருக்கறாங்க" என்றார் சம்பூர்ணம். அடுத்து திருவல்லிக்கேணி. கோயிலும் குளமும் மாடும் பார்த்து மாணிக்கம்மாளுக்கு ஊர் பிடித்துப்போனது. ஆனால் தங்குமிடங்களின் மாடியெல்லாம் லுங்கியாகக் காய்ந்தது. வேலை தேடி வந்த இளைஞர்கள். பாவம், நல்ல பிள்ளைகள். கைக்குழந்தைக்காரியை எந்த அறையில் விடுவது?

மத்தியானம் நுங்கம்பாக்கத்துக்கே வந்து, கண்காட்சி நடக்கவிருந்த மைதானத்திலிருந்து மேற்கே நடக்க ஆரம்பித்தார்கள். ரயில் பாதையைத் தாண்டினார்கள். மாணிக்கம்மாளுக்குக் கால் கடுத்தது. "ஏம்மே, இன்னும் இன்னாத்தத் தேடற?" என்று அலுத்துக்கொண்ட அந்த நேரத்தில் சூளைமேட்டின் ஒரு குறுக்குத் தெருவுக்குள்ளிருந்து கடகடவென்று ஓசை வந்தது. சம்பூர்ணம் நின்றார். "அக்கா, மில்லு."

மில்லை நடத்துகிறவர் ஜெயம்மாள். புருவம் வரைக்கும் மாவு. கேழ்வரகு அரைப்பீர்களா என்று கேட்டு ஆரம்பித்த பேச்சு, மாவரைக்க வந்த இரண்டு பெண்களும் சேர்ந்துகொள்ள, சாமை எப்படி இருக்கும், மலையில் குளிர் அடிக்குமா, பாம்பு வருமா என்று அரை மணி நேரம் ஓடியது. பேச்சின் நடுவில் சம்பூர்ணத்தின் கண் எதிர்ப்பக்கத்தில் பூட்டிக் கிடந்த ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் மேல் விழுந்தது. ஆடி மாதத்தில் எந்த ஊரில் கல்யாணம்? மண்டபத்தில் ஹால் இருக்கும், குளியலறைகள் இருக்கும், பந்திக்குச் சமைக்கிற அடுப்பு இருக்கும், அண்டா இருக்கும். கதவுக்குப் பெரிய தாழ்ப்பாளும் இருக்கும்.

மண்டபத்துக்காரர் கோபால்சாமி பின்கட்டில் குடியிருந்தார். எழுபது வயது, மூக்கு நுனியில் கண்ணாடி.

"இது லாட்ஜ் இல்லையேம்மா. கல்யாண மண்டபம்."

"தெரியுங்க சார். ஆடி முடியற வரைக்கும் இங்க யாருக்குங்க கல்யாணம்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "முன்பின் தெரியாதவங்களுக்கு எப்படிம்மா கொடுக்கிறது? இந்தத் தெருவுல உங்களுக்கு யாரைத் தெரியும்?"

"மில்லுக்கார ஜெயம்மாளத் தெரியுங்க" என்றார் சம்பூர்ணம், அரை மணி நேரப் பழக்கத்தை நம்பி.

கோபால்சாமி வாசலுக்கு வந்து எதிர்ப்பக்கம் குரல் கொடுத்தார். மில்லின் ஓசைக்கு மேலே ஜெயம்மாளின் குரல் வந்தது: "நம்ம ஆளுங்கதான், குடுங்க சார்!"

மாணிக்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கண்காட்சிக்கு முதல் நாளே பதினொரு பேரும் மூட்டைகளோடு வந்து இறங்கினார்கள். மூட்டைகளை மைதானத்துக் கடையில் அடுக்கிவிடலாம் என்று ஏற்பாட்டாளர்கள் சொன்னபோது சம்பூர்ணம் ஒப்பவில்லை. ஒரு நாளைக்கு வேண்டியதை மட்டும் தினமும் எடுத்துப் போனார்கள். விடியற்காலையில் மண்டபத்து அடுப்பில் பொங்கல் கொதிக்கும்; நிவேதாவின் குழந்தை மணப்பெண் அறையின் மின்விசிறிக்குக் கீழே தூங்கும். முதல் இரண்டு நாளும் வியாபாரம் நன்றாகவே நடந்தது.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, மத்தியானம் பிடித்த மழை ஆறு மணி நேரம் விடவில்லை. மைதானத்தில் முழங்கால் தண்ணீர். பந்தல் சரிந்தது. கடைகளில் வைத்திருந்த மற்ற குழுக்களின் சரக்கு நனைந்துபோனது. மீதி இரண்டு நாளும் கண்காட்சி இல்லை என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள். மலைக்காரர்களின் மூட்டைகள் மண்டபத்தில் நனையாமல் பத்திரமாக இருந்தன. ஆனால் விற்பதற்கு இடமில்லை. பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. இத்தனை பேச்சுப் பேசி அழைத்து வந்து, வந்த மூட்டையைத் திருப்பித் தூக்கிக்கொண்டு மலையேறினால்? சம்பூர்ணம் அன்று ராத்திரி மீதி மூட்டைகளை இரண்டு தடவை எண்ணினார்.

மறுநாள் காலை ஒரு படி சாமையை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனார். "ஜெயம்மாக்கா, இத்த ஊறப்போட்டு தோச சுட்டுப் பாக்கறியா?" மத்தியானத்துக்குள் ஜெயம்மாள் வீட்டிலிருந்து தோசை வந்தது, மில்லுக்கு மாவரைக்க வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு துண்டு. மண்டப வாசலில் ஒரு மேசை போட்டார்கள். மழை விட்ட சனிக்கிழமை. தெருவே வீட்டில் இருந்தது. தோசை தின்றவர்கள் வந்தார்கள், அவர்கள் சொல்லி அடுத்த தெரு வந்தது, கோபால்சாமி தன் சர்க்கரை நோய்ச் சிநேகிதர்களை எல்லாம் தொலைபேசியில் கூப்பிட்டார். சாயங்காலம் காலிச் சாக்குகளை உதறி மடித்து வைத்தார்கள்.

அத்தோடு கதை முடிந்திருந்தாலும் சம்பூர்ணத்துக்குத் திருப்திதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள். வழக்கமாக வரும் சமையல்காரரின் வீட்டுக்குள் மழைத் தண்ணீர் புகுந்துவிட்டதால் அவர் வரவில்லை. மூன்று அண்டாக் கூழ். ஜெயம்மாள் கையைப் பிசைந்துகொண்டு மண்டபத்துக்கு ஓடி வந்தார்.

"எதுக்கு இப்டி மொகம் வாடற?" என்றார் சம்பூர்ணம். "பதினொரு பேரு இருக்கறோம். பொறந்ததுலேர்ந்து களி கிண்டற கை."

அன்று காலை மாணிக்கம்மாள் புடவையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு அண்டாவுக்கு முன்னால் நின்றதை அந்தத் தெருவில் இன்னும் சொல்கிறார்கள். துடுப்பு ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. ஒரு கட்டி தட்டவில்லை. வரிசை மில்லைத் தாண்டி முனை வரைக்கும் நீண்டது. பாத்திரத்தோடு வந்த பெண்கள் "மலைக்காரங்க கூழாமே" என்று கேட்டு வாங்கிப் போனார்கள். கோயில்காரர்கள் பதினொரு பேரையும் வரிசையாக நிறுத்தி மாலை போட்டார்கள். நிவேதாவின் குழந்தைக்கும் ஒரு சின்ன மாலை.

அந்த நேரத்துக்குத்தான் அதிகாரி வந்தார். கண்காட்சி நின்றுபோனதில் இந்தப் பெண்கள் என்ன ஆனார்களோ என்று விசாரித்துக்கொண்டு வந்தவர், மாலையும் கழுத்துமாக நின்றவர்களைப் பார்த்துத் திகைத்தார். கையில் கொடுத்த கூழை நின்றபடியே குடித்தார். இன்னொரு குவளை கேட்டு வாங்கினார்.

"இந்த இடத்தை எப்படிம்மா பிடிச்சீங்க?"

சம்பூர்ணம் வாயைத் திறப்பதற்குள் மாணிக்கம்மாள் முந்திக்கொண்டார். "நடந்து, சார்."

திரும்பி வரும் பேருந்தில், போளூர் தாண்டி மலைப்பாதை வளைவுகள் ஆரம்பித்ததும், மாணிக்கம்மாள் சம்பூர்ணத்தின் பக்கம் சாய்ந்தார். "இந்த வாட்டி பொய் சொல்ற வேல இல்லம்மே." ஜமுனாமரத்தூரில் இறங்கியபோது கூட்டிப்போக வந்திருந்த ஆம்பிளைகள், எங்கே தங்கினீர்கள் என்று கேட்டார்கள். பதினொரு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அன்றைக்குத்தான் சம்பூர்ணம் ரங்கனிடம், பழைய விடுதியையும் நடைபாதையையும் தாழ்ப்பாள் இல்லாத கதவையும் பற்றிச் சொன்னார். ரங்கன் முழுவதையும் கேட்டார். பிறகு, "அத்த அப்பவே சொல்லியிருந்தா உன்ன அனுப்பியிருக்கமாட்டேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அனுப்பாம இருந்திருந்தா தப்பாப் போயிருக்கும்" என்றார்.

இப்போது அலுவலகத்திலிருந்தே அவரைக் கூப்பிடுகிறார்கள். மலையின் மற்ற குழுக்களும் அவர் சொன்ன இடத்தில்தான் தங்குகின்றன. போன வாரம் அதே அதிகாரி பேசினார். அடுத்த மாதம் கோயம்புத்தூரில் கண்காட்சி. மலையிலிருந்து ஐந்து குழு, நாற்பது பெண்கள்.

"எந்த ஏரியாவுல தங்கலாம், நீங்களே சொல்லிடுங்கம்மா. பதிவு பண்ணிடறேன்."

"கோயமுத்தூரு நான் நடந்து பாக்கல சார்."

"ரயிலடிக்குப் பக்கத்துலயே நல்ல விடுதிங்க இருக்கும்மா. படமெல்லாம் இருக்கு, அனுப்பட்டுமா?"

"படத்துல தெரு தெரியாதுங்க சார். நான் பாக்காத எடத்துல எங்க பொம்பளங்கள தங்க வெக்கமாட்டேன்."

அதிகாரி, "சரிம்மா. எப்ப சொல்வீங்க?" என்று கேட்டார். குரலில் மரியாதை இருந்தது.

வாசலில் புளியை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்த ரங்கன் நிமிர்ந்தார். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. "எத்தினி நாளு?" என்றார்.

சம்பூர்ணம் கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சுவரிலிருந்த நாள்காட்டியிடம் போனார். புதன்கிழமையின் மேலும் வியாழக்கிழமையின் மேலும் கட்டைவிரல் நகத்தை வைத்து, தாள் பள்ளமாகும்படி அழுத்திக் கோடு இழுத்தார்.